இராஜநாயகத்தின் வலது தோள்

கொட்டாஞ்சேனை டிஸ்பென்சரியில் அந்தச் சனிக்கிழமை காலை இருந்தவர்கள்: டொக்டர் பாயிஸ், வலது தோளைப் பிடித்தபடி துறைமுகக் கிளார்க் இராஜநாயகம், அவர் மனைவி மெற்றில்டா, யாரும் கூப்பிடாமலே வந்திருந்த மெற்றில்டாவின் தம்பி மெல்ரோய்.

அதற்கு முதல் நாள் மச்சான்மார் இருவரும் ஒரு ஃபிரிஜ்ஜை மாடிக்கு ஏற்றினார்கள். பாதிப் படியில் மெல்ரோயின் போன் அடித்தது. அவன் எடுத்துக் கதைத்தான். ஃபிரிஜ் முழுசாக இராஜநாயகத்தின் தோளில் இறங்கியது.

அடுத்த சனி மாதா கோவில் திருவிழா. மாதாவின் சுரூபக் கூட்டைத் தண்டு பிடித்துச் சுமப்பவர்களை உயரம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள்; ஒருவர் குட்டையானாலும் மாதா சரிந்துவிடுவாள். முன் தண்டு, கல்யாணம் முடித்த வருஷத்திலிருந்து இராஜநாயகத்தினுடையது. ஒருமுறை நிற்காதவனின் இடம், அன்று மாற்றாளாக நின்றவனுக்கே போய்விடும். திரும்பக் கிடைக்காது. அவருடைய உயரத்தில் அந்தக் கோவிலில் இன்னும் ஒருவன்தான் இருந்தான். அவன் இப்போது டொக்டரின் தராசில் ஏறி நிறை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத கிழியல்ல. இழுபட்டு வீங்கியிருக்கு," என்றார் பாயிஸ். "ஒங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதால ஸ்டெரொய்ட் வேணாம். நோவு தெரியாம மரக்கிற மருந்து மட்டும் போடுறன்."

ஊசி போட்டுச் சற்று நேரத்தில் கை தலைக்கு மேலே போனது. இராஜநாயகம் நோயாளிகள் உட்காரும் வாங்கைத் தூக்கிப் பார்க்க எழும்பினார்.

"இருங்க. நோவுதான் நித்திர. தோள் இன்னும் சொகமாகல்ல. ரெண்டையும் ஒண்டா நெனச்சித்தான் ஆக்கள் திரும்பவும் ஒடச்சிக்கிட்டு வாறது."

"அப்ப அடுத்த கிழமை அத்தானுக்கு ஏலாதுதானே டொக்டர்?" என்றான் மெல்ரோய்.

"உனக்கு எங்க நோவு?" என்று கேட்டாள் மெற்றில்டா.

ஓட்டோவில் அவள் தன் சால்வையால் கணவரின் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள்.

"கள்ளனைப் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றார் அவர்.

"கள்ளனை நம்பலாம். நோவு தெரியாத ஆம்பிளையை நம்ப ஏலாது."

பின்னேரம் மரமரப்பு விட்டது. கதிரையில் இருந்து வலிக்காகக் காத்திருந்தார். வலி வந்தது, ஆனால் காலையில் வந்த அந்த முரட்டு ஆள் இல்லை. மறுநாள் இன்னும் குறைந்தது. புதன்கிழமையளவில் வீக்கம் வற்றி எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. மெற்றில்டா அப்போதும் ஒரு வாளி தண்ணீர் தூக்க விடவில்லை. எல்லாவற்றையும் தானே தூக்கி, அதற்காக அவரைத் திட்டினாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனார்கள்.

"மருந்து அண்டைக்கே விட்டுட்டுது டொக்டர். பிறகெப்பிடி வீக்கம் வத்தினது?" என்று கேட்டார் இராஜநாயகம்.

"இது நோவ மட்டும் அமத்துற மருந்தில்ல. வீக்கத்தக் கிளப்புற செல்லுகளயும் கொஞ்சம் அடக்குதெண்டு ஆராய்ச்சி செஞ்சவங்க சொல்றாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி வேல செய்யாது. ஒங்களுக்குப் பாதி மருந்து, பாதி இவங்கட சால்வ." தோளை அமுக்கியும் சுற்றியும் பார்த்தார். "தூக்குங்க. நொந்தா ஒடன அடுத்த ஆளுக்குக் குடுங்க."

அந்த அடுத்த ஆள் திருவிழா அன்று வெள்ளைச் சட்டை போட்டு, கூடு சுமப்பவர்களின் சிவப்புப் பட்டியும் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அத்தானுக்கு ஏலாதெண்டு கமிட்டிக்குச் சொல்லிட்டன் அக்கா."

"டொக்டர் தூக்கச் சொல்லிட்டார் மச்சான்," என்றார் இராஜநாயகம்.

"டொக்டர் சொல்லி என்ன? கூடு எழும்பக்குள்ள யார் தண்டுல நிக்கிறதோ, அவனுக்குத்தான் இடம். நான் ஓடிப்போய் நிண்டுருவன்."

ஓட்டத்தில் அவனை வெல்ல இராஜநாயகத்தால் முடியாது. மெற்றில்டா ஒரு கிழமையாக வாளி தூக்கிக் காய்த்த தன் கைகளைப் பார்த்தாள்.

"சரி தம்பி, போறதுக்கு முதல் ஒரு உதவி. அறையில அலுமாரிக்கு மேல மெழுகுதிரிப் பெட்டி இருக்கு. அத்தானுக்குத்தான் ஏலாதே, உன்ர உயரத்துக்கு எட்டும்."

அவன் உள்ளே போனான். அவள் கணவரைப் பார்த்து வாசல் பக்கம் கண் காட்டினாள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

"இஞ்ச ஒண்டும் இல்லயே அக்கா."

"நல்லாத் தேடு," என்றபடி மெற்றில்டா அறைக் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினாள்.