பாத்துட்டேன், எறக்கிக்கங்க

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சரக்கு இல்லை. கொல்லிமலையில் சோளக்காடு என்கிற ஊரில் பேருந்துக்காக நின்றிருந்தபோது அப்துல் அலீம் என்பவர் சொன்னது. நான் மலைக்கு மிளகு வாங்கப் போனவன். (கதை தேடிப் போனேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஆனால் மிளகுதான்.) அலீமுக்கு அடிவாரத்தில் மைக்செட் கடை. கல்யாணம், கோயில் பண்டிகை, கட்சிக் கூட்டம் என்று யார் கூப்பிட்டாலும் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்று வேன் சூடேறி நின்றுவிட்டது. எனக்கு அதிர்ஷ்டம்.

"கிறிஸ்துவங்க கூட்டத்துக்கு செட்டு போடறது தனி வேலைங்க," என்றார் அலீம். "கடைசியில எல்லாரையும் கண்ண மூடச் சொல்லுவாங்க. எல்லாரும் மூடிக்குவாங்க. நான் மூட முடியாதுங்க, ஒயருக்குக் காவல் இருக்கோணும். அதனால நடக்கறது பூராம் பாத்துருவேன்."

விட்டேனா? பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை.

2

தொடக்கம்தான் தகராறு. எழுதிப் பார்த்தவற்றை அப்படியே வைக்கிறேன்.

"கொல்லிமலையின் மீது மேகங்கள் வெண்பட்டாய்—" சகிக்கவில்லை. அங்கே குடியிருப்பவர்களுக்கு மேகம் இறங்கினால் துணி காயாது, அவ்வளவுதான்.

"ஊழியர் பூபதி ஒரு—" ஒரு என்ன? நல்லவர் என்று எழுதினால் உடனே உங்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்து எழுப்புதல் கூட்டம் நடத்துகிறவர் என்றதும் என் பேனா தன் பாட்டுக்கு ஒரு போலியை வரைய ஆரம்பித்துவிட்டது. வெள்ளைச் சட்டை, மினுங்கும் கைக்கடிகாரம், வரவழைத்துக்கொண்ட கண்ணீர். இரண்டு பக்கம் சும்மா பாய்ந்து வந்தது. அலீமுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். மனிதர் முழுக்கக் கேட்டார். பிறகு, "இது யாருங்க?" என்றார். கிழித்துப் போட்டேன்.

சரி, பூபதி இவர்தான். போர்வெல் லாரியில் வேலை பார்த்து வடநாடெல்லாம் சுற்றியவர். இப்போது அவரும் மனைவி அம்சவேணியும் ஒரு துணிப்பை, ஒரு கஞ்சிரா, ஒரு வேதப்புத்தகத்துடன் அடிவாரத்துக் காரவள்ளியில் பேருந்து ஏறி, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வருவார்கள். பெரிய பிரசங்கிகள் எட்டிப் பார்க்காத சபைகள்தான் இவருக்கு. மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் தகரக் கூரை போட்ட ஜெபவீடுகள். ஞாயிற்றுக்கிழமை வருகிற சபை மொத்தமும் ஒரு ஜீப்பில் அடங்கிவிடும். ரோடு முடிகிற இடத்திலிருந்து நடை. ஒருமுறை அடைமழையில் ஒரே ஒரு குடும்பம்தான் கூட்டத்துக்கு வந்தது. அலீம் செட்டைக் கட்டலாமா என்று கேட்டதற்கு, "போர் எறக்கறப்ப தண்ணி வருமா வராதான்னு யாருக்குங்க தெரியும்? எறக்கிப் பாக்கோணும்," என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு குடும்பத்துக்கு முழுப் பிரசங்கமும் செய்தார். மைக் இல்லாமல், தகரத்தில் விழுகிற மழையோடு போட்டி போட்டுக்கொண்டு.

எனக்கு இந்த மனிதரைப் பிடித்துவிட்டது. மறைப்பானேன்.

3

இப்போது கை தூக்குகிற வழக்கத்தைச் சொல்லவேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரசங்கம் முடிந்ததும் பூபதி குரலைத் தாழ்த்துவார். "எல்லாரும் கண்ண மூடிக்கங்க. யாரும் யாரையும் பாக்க வேண்டாம். தன்னைய ஆண்டவருக்குக் குடுக்கறவங்க கைய மட்டும் தூக்குங்க." அவர் கண் மட்டும் திறந்திருக்கும். ஒரு கை எழும்பினால், "பாத்துட்டேன், எறக்கிக்கங்க," என்பார். பேர் சொல்ல மாட்டார். பிறகும் யாரிடமும் சொன்னதில்லை.*

(* அம்சவேணியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாளும் கேட்டதில்லை. கேட்காமல் எப்படி இருந்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நானாக இருந்தால் பேருந்து ஏறுவதற்குள் கேட்டிருப்பேன்.)

நம் கதை நடக்கிற ஜெபவீட்டில் முதல் வருடம் ஏறக்குறைய எல்லாக் கைகளும் எழும்பின. பூபதி மலை இறங்கும்வரை அழுதுகொண்டே வந்தார். மறுவருடம் அதே கைகள். அதற்கடுத்த வருடமும் அதே கைகள், கூடவே அந்தச் சபையின் பாஸ்டர் பிரேமின் கையும். பாஸ்டரே இப்போதுதான் மனம் திரும்புகிறாரா என்று பூபதிக்குத் திக்கென்றது. அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. இவர்கள் விருந்தாளிக்கு மரியாதை செய்கிறார்கள். மழையில் நடந்து வந்த மனுசன் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்று, இலையில் இன்னொரு கரண்டி போடுகிற மாதிரி, கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

தூக்காத கை ஒன்றே ஒன்று. செல்லமுத்துவுடையது. அவர் மனைவி இருசாயி பல வருடமாகச் சபைக்கு வருகிறவர். காட்டுப்பாதையில் அவருக்குத் துணைக்கு வருவார் செல்லமுத்து. கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவார், சொன்னால் மரியாதையாகக் கண்ணையும் மூடுவார். கை மட்டும் மடியிலேயே இருக்கும். ஒருநாள் பூபதி சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். செல்லமுத்துவும் சிரித்தார். "எங்க அம்மனுக்கு எட்டுக் கை இருக்குதுங்க. அதுல ஒண்ணு போதுமுங்க எனக்கு."

பூபதி அதற்குக் கோபப்படவில்லை. இத்தனை கைகளில் அவர் முழுதாக நம்பியது தூக்காத அந்த ஒரு கையைத்தான்.

4

இந்த வருடம் கதை முற்றுகிறது. பேருந்து வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது பூபதி மனைவியிடம் சொன்னார்: "இதோட போதும் அம்சா. தீவனக் கம்பெனியில கேட்டுல காவலுக்கு ஆள் கேட்டாங்க, திங்கக்கெழம வாரேன்னு சொல்லிட்டேன்."

"ஏனுங்க?"

"அவங்க எனக்காகத் தூக்கறாங்க. நான் ஒருத்தரையும் எழுப்பல. இன்னிக்கு கை தூக்கச் சொல்லப் போறதில்ல. சும்மா ஜெபம் பண்ணிட்டு எறங்கிரலாம்."

அம்சவேணி, "சரிங்க," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

(பேருந்தில் அலீம் இல்லையே, உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்கள். அம்சவேணி பிற்பாடு அலீமிடம் சொன்னார், அலீம் என்னிடம் சொன்னார். ஜன்னல் மட்டும் நான் போட்டது.)

கூட்டம் பிற்பகலில். பூபதி, இரவெல்லாம் வலை வீசியும் மீன் அகப்படாத பகுதியைப் பேசினார். கடலையே பார்க்காத சனம் அத்தனை கவலையாக அந்த மீனவர்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. முடித்தார். கடைசி ஜெபம் செய்தார். ஆமென் என்றார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பூபதி வேதப்புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. முதல் வரிசையிலிருந்து இருசாயி எழுந்தார்.

இங்கே நான் முதலில் எழுதியது:

["போன வருசம் வெதச்ச சாமைய இந்த வருசம் அறுக்க முடியுங்களா? மனசும் அப்படித்தானுங்க, வருசா வருசம் வெதைக்கோணும்," என்றார் இருசாயி.]

எழுதிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்தேன், அவ்வளவு பெருமை. அலீம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா அந்தம்மா அப்படியெல்லாம் பேசாதுங்க," என்றார். வயிற்றெரிச்சலோடு அந்த வரியை அடித்தேன். நடந்தது இதுதான்.

"ஏனுங்க ஐயா, கை தூக்கச் சொல்லலீங்களே?"

"எல்லாரும் போன வருசமே தூக்கிட்டீங்களேம்மா."

"ஆமாங்க," என்றார் இருசாயி. கொஞ்சம் யோசித்தார். "இருந்தாலும் சொல்லுங்க. அதுக்குன்னுதானுங்க வேலைய உட்டுப்போட்டு வந்தோம்."

பூபதி பையைக் கீழே வைத்தார். "எனக்காக நீங்க யாரும் கை தூக்க வேண்டாம்மா. எனக்கு மனசு ஆறல."

இருசாயிக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார், பிறகு பூபதியைப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்குங்க நாங்க தூக்கோணும்?"

சபையே சிரித்துவிட்டது. பாஸ்டர் பிரேமும் சிரித்தார். கதவோரம் செல்லமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் கேலி செய்யவில்லை. பூபதி அப்படி நினைத்திருந்தது அவர்களுக்கு நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது. பூபதி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடமும் தன் பெயரில் வரவு வைத்துக்கொண்டு, பிறகு பொய்க்கணக்கு என்று தானே அடித்துப்போட்ட அந்தக் கைகளில் ஒன்றுகூடத் தன்னைப் பார்த்து எழும்பியது இல்லையாம். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் சந்தோஷமும் இருந்தது.

5

அம்சவேணி கஞ்சிராவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து மைக்கை வாங்கினார். பாட்டுக்குத் தவிர அதை அவர் தொட்டதே கிடையாது.

"எல்லாரும் கண்ண மூடிக்கங்க," என்றார்.

மூடினார்கள். அம்சவேணி புருசன் பக்கம் திரும்பினார்.

"நீங்களுந்தான்."

பூபதி மூடினார். இந்த நேரத்தில் அவர் கண் மூடியதே இல்லை. இருட்டுக்குள் முதலில் கேட்டது வளையல் சத்தம். கைகள் எழும்ப எழும்ப வளையல்கள் முழங்கையை நோக்கிச் சரிந்தன. இத்தனை வருடம் பார்த்துக்கொண்டே இருந்ததில் இது அவர் காதில் விழுந்ததில்லை.

"பாத்துட்டேன், எறக்கிக்கங்க," என்றார் அம்சவேணி. "பாத்துட்டேன் கண்ணு, எறக்கிக்க. பாத்துட்டேனுங்க."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினார். வளையல் சத்தமும் அடங்கியது. இத்தோடு ஜெபம் செய்து முடிக்கவேண்டும். அவர் முடிக்கவில்லை. காத்திருந்தார். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. அவர் ஸ்பீக்கர் பெட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றதால் மைக் கூவ ஆரம்பித்தது. அலீம் குனிந்து ஆம்ப்ளிஃபயரைத் திருகினார்.

கூவல் நின்றதும், "பாத்துட்டேன்," என்றார் அம்சவேணி. குரல் முன்னைப்போல் இல்லை. "எறக்கிக்கங்க."

6

யார் கை அது?

மிச்சமிருந்தவை இரண்டே கைகள்தான். செல்லமுத்துவுடையது என்றால், பூபதி ஏங்கிக் காத்திருந்த அந்த ஒன்று கடைசியில் எழும்பியிருக்கிறது, அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது. பூபதியுடையது என்றால், அவருடைய கூட்டத்தில் முதன்முறையாகத் தூக்கியவர் அவரே.

இரண்டு முடிவையும் எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதை எழுதும்போது, எட்டுக் கை அம்மனுக்கு நான் துரோகம் செய்கிறேனோ என்று உறுத்தியது. செல்லமுத்து தன் சாமியோடு நிம்மதியாகத்தானே இருக்கிறார். இரண்டாவதை எழுதும்போது நானே அழுதுவிட்டேன், அதனாலேயே அதன்மேல் நம்பிக்கை இல்லை.

அன்று சோளக்காட்டிலேயே அலீமைக் குடைந்திருந்தேன். "நான் குனிஞ்சுட்டேனுங்க," என்றார். நிஜமாகவே பார்க்கவில்லையா என்றேன். "மைக் கூவுனா ஆபரேட்டர் எங்கீங்க பாப்பான்?" என்று சொல்லிவிட்டு, வேனுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அவர் பார்த்திருக்கிறார் என்பது என் சந்தேகம். அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

பொறுக்கமாட்டாமல் போன வாரம் பூபதியின் எண்ணுக்குப் போட்டேன். எடுத்தவர் அம்சவேணி. யார் எவர் என்று சொல்லி, விஷயத்தைக் கேட்டேன்.

"அது சொல்றதில்லீங்க," என்றார், ரொம்பப் பொறுமையாக. "கண்ண மூடச் சொன்னது எதுக்குங்க?"

"சரிங்கம்மா. ஐயா திங்கக்கிழமை கம்பெனி வேலைக்குப் போனாருங்களா, அத மட்டுமாவது—"

"அதுக்கென்னங்க, அவரு இங்கதான் இருக்கறாரு. இருங்க, குடுக்கறேன்."

போன் கை மாறியது. ஒருவர் தொண்டையைச் செருமினார். "சொல்லுங்க சாமி," என்றது ஒரு குரல், ரொம்ப நாள் பழகியவனிடம் பேசுவதுபோல.

நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். கம்பெனிக்குப் போனேன் என்றாலும் போகவில்லை என்றாலும் அந்த ஒரு சொல்லில் கதை முடிந்திருக்கும். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது, நான் மட்டும் விரலிடுக்கு வழியாகப் பார்ப்பது நன்றாக இல்லை.

ஆகவே அந்தக் கடைசிக் கையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். செல்லமுத்துவுடையதா, பூபதியுடையதா, உங்களுக்கே தோன்றும். எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்ல வேண்டாம்.

ஆயிற்றா?

பாத்துட்டேன். எறக்கிக்கங்க.