காய்ச்சல் யாருக்கு வந்தது

இரவு முழுக்க ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிப்ட் ரிப்பேர். வீடு திரும்பி, குளித்த கையோடு, மூன்றரை மாத இரட்டைப் பெண்களைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போட சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தார் அந்த லிப்ட் மெக்கானிக். மனைவி தையல் கம்பெனியில் மறுபடி சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது. லீவு கேட்க முடியாது. "அட்டை பையில இருக்கு. நீங்க போய் உட்கார்ந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் பெண்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பெரியவள் மடியில், சின்னவள் தோளில். நான்கு நிமிட வித்தியாசத்துக்கு அந்தப் பட்டம்.

முறை வந்தது. நர்ஸ் அட்டைகளைப் புரட்டினார்.

"போன தடவை ஊசி போட்டப்புறம் காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சுன்னு நினைக்கிறேன்."

"யாருக்கு?"

அவர்களே சொல்லிவிடுவார்கள் என்பதுபோலக் குழந்தைகளைப் பார்த்தார்.

"வலிப்பு மாதிரி ஏதாவது? விடாம அழுதாங்களா?"

"அவங்கம்மாவைத்தான் கேக்கணும் சிஸ்டர்."

"கேட்டுச் சொல்லுங்க. தெரியாம எப்படிப் போடறது?"

மனைவியின் போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு இடைவேளைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குப் போய்த் திரும்பத் தெம்பில்லை. பெரியவள் அழ, சின்னவளும் சேர்ந்துகொண்டாள். புட்டிப்பால் கொடுத்தார். அவருக்குக் கண் சொருகியது.

"தம்பி, குழந்தை நழுவுது" என்று பக்கத்திலிருந்த அக்கா தோளைத் தட்டினார்.

ஒருவழியாக இடைவேளையில் மனைவி போனில் கூப்பிட்டாள். நர்ஸ் கேட்டதையெல்லாம் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும்தான் வந்துச்சு. வலிப்பெல்லாம் இல்ல. ரெண்டு நாள் மாத்தி மாத்தித் தூக்கிட்டே இருந்தேன்."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருந்தீங்க. நைட் ஷிப்டாச்சே, எழுப்ப மனசு வரல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் போய் நர்ஸிடம் விவரத்தைச் சொன்னார்.

"காலை இறுக்கிப் பிடிங்க" என்றார் நர்ஸ். மெக்கானிக், லிப்ட் கதவை ஒற்றைக் கையால் நெம்பித் திறக்கிறவர். அந்தக் குட்டிக் கால் பிடியில் நிற்கவில்லை. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கொரு தடவை என்று நர்ஸ் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில், மாலை நான்கு மணிக்குச் சின்னவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டார்.

"சார், இன்னிக்கு வர முடியாது. குழந்தைங்களுக்கு ஊசி போட்டிருக்கு."

"ஊசி குழந்தைக்கா, உனக்கா?"

"குழந்தைக்குத்தான் சார். காய்ச்சல் அடிக்குது."

"ஏன், வீட்டுக்காரம்மா இல்லையா?"

"இருக்கா சார். போன ரெண்டு தடவையும் அவதான் பார்த்தா."

சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். "சரி, நாளைக்கு வந்து சேரு."

ஆறரைக்கு வந்த மனைவி, செருப்பைக் கழற்றும்போதே குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள்.

"சின்னவளுக்குத்தான் ஜாஸ்தி. நாலு மணிக்கு மருந்து கொடுத்தேன், அடுத்தது பத்துக்கு. பெரியவளுக்கு இப்பதான் லேசா சுடுது. நீ போய்ப் படு."

அவள் நம்பாமல் இரண்டு நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு, உடைகூட மாற்றாமல், சுவரோரமாகச் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.