ஆதியாகமக் கொத்தனார்

எங்கள் திருச்சபையில், கொத்து வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்கு ‘ஆதியாகமக் கொத்தனார்’ என்று பட்டப்பெயர். வைத்தது என் சொந்த நாத்தனார். அதனால் நான் யாரிடமும் சண்டைக்குப் போக முடியவில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஜனவரியிலும், வேதாகமத்தை இந்த வருஷம் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தே தீருவேன் என்று ஆண்டவர் சாட்சியாகச் சொல்வார். முதல் புத்தகமான ஆதியாகமம் சிட்டாகப் பறக்கும். இரண்டாவதான யாத்திராகமம் தள்ளாடும். மூன்றாவதான லேவியராகமத்தில் பலிகள் கொழுப்பும் குண்டிக்காயுமாக வரும்போது ஒரு நாள் தூங்கிவிடுவார். அவ்வளவுதான். "விட்டுப்போச்சு. இனி படிச்சாலும் கணக்குல வராது" என்று மூடிவைத்துவிடுவார். அடுத்த ஜனவரியில் மறுபடி முதல் அதிகாரம். அந்த வேதாகமத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் சிரிப்பு வரும். முன்பகுதி சிமெண்ட் விரல் பட்டுக் கறுத்திருக்கும். மீதியெல்லாம் வாங்கிய அன்றைக்குப் போலவே தங்க விளிம்பு பளபளக்கும். எங்கள் சொந்தக்காரர்களைவிட ஆதியாகமத்தில் வரும் யோசேப்பின் அண்ணன்மாரை அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வருஷம் சிரிக்க முடியவில்லை. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தார், வாசிப்பு நின்றது. எழுந்ததும் வேதாகமத்தைத் துணியில் சுற்றி அலமாரி உச்சியில் வைத்தார்.

"ஜனவரியில எடுத்துக்கலாம், விடுங்க" என்றேன்.

"இல்ல. இனிமே எடுக்க மாட்டேன். வருஷா வருஷம் ஆண்டவருக்கு வாக்குக் குடுத்து ஏமாத்துறதுக்கு, குடுக்காமலே இருந்துடலாம். இதெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் வரவில்லை. வேலை இருக்கிறதாம். வாசித்து முடிக்காவிட்டால் போகிறது; மனிதர் ஆண்டவரையே விட்டு நகர்கிறாரே என்று பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். பாவம், பாத்திரங்கள்தான் அடி வாங்கின.

மறுநாள் காலை அவர் டீ குடித்துக்கொண்டே ஒரு வாடிக்கையாளரிடம் ஃபோனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், முழுச் சுவரையும் எதுக்கு இடிக்கணும்? தண்ணி ஊறி ஓதம் ஏறுன இடத்த மட்டும் பேத்துட்டுப் புதுசாப் பூசுனாப் போதும். மீதிச் சுவர் நல்லாத்தானே நிக்குது? அத இடிக்க எனக்குக் கை வராது சார்."

அவர் ஃபோனை வைக்கும்வரைகூட நான் பொறுக்கவில்லை.

"அடுத்தவங்க சுவருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

"என்ன சொல்ற நீ?"

"ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா, விட்ட எடத்துல இருந்து படிங்க. படிச்சதெல்லாம் ஏன் இடிக்கிறீங்க? வருஷா வருஷம் அஸ்திவாரம் மட்டும் போட்டுட்டுப் போற கொத்தனாருக்கு எவனாவது வேலை குடுப்பானா?"

ஃபோனைக் கீழே வைத்தார். டீ ஆறிப்போனது. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, துணிச் சுற்றை இறக்கினார். நான் அடுப்பைக் கவனிப்பதுபோல் நின்றுகொண்டேன். விட்ட இடத்தைத் தேடிப்பிடித்து முணுமுணுவென்று வாசித்தார். தோல் நோய்களைப் பற்றிய பகுதி போலிருக்கிறது. கொட்டாவிதான் அதிகம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வீடே அதிர ஒரு கூப்பாடு.

"ஏய்! இங்க வா! ஓடி வா!"

கரண்டியோடு ஓடினேன்.

"சுவரப் பத்திப் போட்டிருக்கு! வீட்டுச் சுவர்ல பூஞ்சணம் மாதிரி ஏதோ புடிச்சா, கோயில் ஆசாரியன் வந்து பாக்கணுமாம். புடிச்ச கல்ல மட்டும் எடுத்துட்டு, சுரண்டிட்டு, வேற கல்லு வச்சுப் புதுசாப் பூசணுமாம்! நான் ஃபோன்ல சொன்னதேதான்! இத்தன வருஷமா இது இங்கயா இருந்துச்சு?"

"அது அங்கயேதான் இருந்துச்சு. நீங்கதான் அதுவரைக்கும் வரல."

சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை என்று சொன்னால் பொய். அடுத்த புத்தகமான எண்ணாகமத்தில் பெயர்கள் வரிசைகட்டி வந்தபோது மறுபடி சறுக்கினார். நான் வாயைத் திறக்குமுன், விட்ட இடத்தில் வேதாகமத்தைப் பிரித்துவைத்துக் கையைக் காட்டினார்.

"பேசாத. பூசிட்டிருக்கேன்."

நாத்தனார் இன்னும் அதே பட்டப்பெயரைத்தான் சொல்கிறாள். சொல்லட்டும். நேற்று மேசையைத் துடைக்கும்போது வேதாகமத்தின் விளிம்பைப் பார்த்தேன். சிமெண்ட் கறுப்பு, தங்கத்துக்குள் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. கையில் ஈரத்துணி இருந்தது. அந்தக் கறுப்பை மட்டும் துடைக்காமல் விட்டுவிட்டேன்.