கறுப்பியின் வாய்

துவக்கு, அதுதான் துப்பாக்கி, என்று சொன்னதும் முகம் சுருங்குகிறவர்கள் நம் ஊரில் உண்டு, எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள், செல்லங்களே. இது காற்றுத் துவக்கு. இதனால் செத்தது பலூன் மட்டுந்தான்.

கொழும்புத்துறைக் கரையில் உள்ள ஒரு கத்தோலிக்கக் கோயில் திருவிழாவில் அருமைநாயகி வருடந்தோறும் பலூன் கொட்டில் போடுவாள். பலகை நிறையப் பலூன், மேசையில் இரண்டு துவக்கு. அடுத்தடுத்து மூன்று பலூன் வெடித்தால் ஒரு பிளாஸ்ரிக் வாளி பரிசு. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய துவக்குகள்தான். ஒன்றுக்குக் கறுத்த மரப்பிடி, மற்றதற்குச் சிவத்த பிடி. கறுப்பி, சிவப்பி என்று பெயர் வைத்தது அவளுடைய கணவர் செபநாயகம். கடலுக்குப் போவதை விட்டபிறகு அந்த மனிதருக்குக் கறுப்பிதான் செல்லம்.

இந்த முறை ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கிய கையோடு திருவிழாச் சபைச் செயலாளர் கிறிஸ்ரோபர் கொட்டிலடிக்கு வந்தார். முகம் சரியில்லை.

"அருமையக்கா, சனம் ஒரு கதை கதைக்குது."

"கதைக்கட்டும். என்னவாம்?"

"சிவப்பாலை சுட்டால் படுகுதாம், கறுப்பாலை படுகுதில்லையாம். நீங்கள் தெரிஞ்ச ஆக்களுக்குச் சிவப்பைக் குடுக்கிறியளாம். கறுப்பின்ரை குழலை வேணுமெண்டே வளைச்சு வைச்சிருக்கிறியளாம்."

"நானோ?"

"நான் சொல்லேல்லை அக்கா, சபை சொல்லுது. நாளைப் பின்னேரம் கறுப்பு நேராச் சுடவேணும். இல்லாட்டிக் கொட்டிலைக் கழட்டட்டாம்."

கொட்டில் போவதைக்கூட அருமைநாயகி தாங்கிக்கொள்வாள். ஆனால் கள்ளி என்ற பெயரோடு கழற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே சனத்துக்கு நடுவில் போய் எப்படி முழந்தாளிடுவது?

"கறுப்பியைத் தூக்கி உள்ளை வைச்சிட்டால் போச்சு" என்றார் செபநாயகம்.

"வைச்சால், கள்ளத் துவக்கை ஒளிச்சிட்டாள் எண்டு கதைப்பினம்."

"அவளிலை பிழையில்லையப்பா. சுடுறவையின்ரை கை சரியில்லை. சோளகக் காத்தும் வேறை."

"காத்து சிவப்பியை விட்டிட்டுக் கறுப்பியை மட்டும் பிடிச்சுத் தள்ளுதோ?"

மனிதர் வெற்றிலைப் பையைத் தேடினார்.

காலையில் அருமைநாயகி ஒரு அரிசிப் பையில் கடற்கரை மண்ணை நிரப்பி நீட்டு மரவாங்கின்மேல் வைத்தாள். கை நடுங்கியது என்று யாரும் சாட்டுச் சொல்லக்கூடாதல்லவா? துவக்கை மண்ணில் அழுத்திப் படுக்கவைத்து, பூவரசில் குத்திய கடதாசியைக் குறிபார்த்துச் சுட்டாள். சிவப்பி போட்ட துளைகளை ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம். அதே பை, அதே ஈயச் சன்னம், அதே கை; கறுப்பி சுட்ட கடதாசியோ கோழி கிளறிய முற்றம் மாதிரி. கறுப்பியின் குழலை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வளைவு இல்லை. உள்ளே கண்ணாடி போல மின்னியது. சொல்லப்போனால் சிவப்பியின் குழல்தான் அழுக்கு.

இரண்டையும் சாக்கில் சுற்றிக்கொண்டு இருவரும் ஓட்டோவில் லேத் பட்டறைக்குப் போனார்கள். பட்டறைக்காரன் றஞ்சித் அவர்களுக்குத் தெரிந்த பெடியன்தான்.

"ஒரே கொம்பனி, ஒரே சாமான். பிறகேன் ராசா இப்பிடி?" என்று கேட்டாள் அருமைநாயகி.

"ஒரே பேக்கரிப் போறணையிலை வேகிற பாணும் ஒண்டுபோலை வாறேல்லைத்தானே அன்ரி. குழலுக்குள்ளை சுத்திச் சுத்தி வரி வெட்டுறாங்கள், சன்னம் சுழண்டு போறதுக்கு. வெட்டுற ஆயுதம் தேயத் தேய ஒவ்வொரு குழலும் கொஞ்சம் மாறும். ஆனால் பலூனுக்கு அது பெரிய வித்தியாசமில்லை. பொறுங்கோ, வாயைப் பாப்பம்."

பஞ்சைக் கொஞ்சம் கிள்ளி, சிவப்பியின் குழல் வாயைச் சுற்றித் தடவினான். வழுக்கிக்கொண்டு போனது. கறுப்பியில் தடவினான். கீழ்ப்பக்கம் வந்ததும் பஞ்சு கொளுவிக்கொண்டு நின்றது.

"இஞ்சை பாருங்கோ, பள்ளம். சன்னம் கடைசியாத் தொட்டிட்டுப் போற இடம் இதுதான். வாய் சுத்திவர ஒரே மாதிரி இருந்தால் பின்னாலை தள்ளுற காத்து எல்லாப் பக்கத்தாலையும் ஒண்டாக் கழண்டு போகும். பள்ளமெண்டால் அந்தப் பக்கத்தாலை முந்திக்கொண்டு வந்து சன்னத்தின்ரை வாலைத் தட்டும். பிறகு அது வெறிகாரன் மாதிரித்தான் போகும். ஆரோ நூலாலை அராவின மாதிரிக் கிடக்கே?"

அருமைநாயகி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, கறுப்பியை எப்பிடித் துடைக்கிறனீங்கள்? ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

கேட்டதுதான் தாமதம், செபநாயகம் உற்சாகமாகச் சட்டைப்பையிலிருந்து தங்கூசியை எடுத்தார். மீன்பிடிக்கிற அதே நைலோன் நூல், நுனியில் சீலைத்துண்டு. உப்புக்காற்றில் துருப்பிடிக்கக்கூடாது என்று தினமும் கடற்கரை மண்ணில் உட்கார்ந்து துடைக்கிறவர். துவக்கை மடித்து, நூலைப் பின்னால் விட்டு, முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, வாய்ப்பக்கத்தால் தன் வயிற்றை நோக்கிக் கீழே இழுத்தார். வள்ளத்திலிருந்து தூண்டில் இழுக்கிற அதே இழுவை. நூலில் ஒட்டியிருந்த கடல்மண் பட்டறை வெளிச்சத்தில் மினுங்கியது. நூல் போய் உட்கார்ந்த இடம் அந்தப் பள்ளம். உறையில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது.

"வள்ளத்தின்ரை விளிம்பையும் இப்பிடித்தானே அறுத்தனீங்கள்" என்றாள் அருமைநாயகி.

"நான் சிவப்பியைத் தொடுறதே இல்லையப்பா..."

"அதுதான் அவள் தப்பினவள்."

றஞ்சித் சிரிப்பை மறைக்க லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். செபநாயகத்தின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அருமைநாயகி அவருடைய முதுகில் கைவைத்து, "சரி விடுங்கோ, பாசத்திலை செய்ததுதானே" என்றாள்.

றஞ்சித் குழலின் நுனியை நகக்கண் அளவுக்கு வெட்டி, மட்டமாக்கி, விளிம்பை மழமழவென்று உருட்டிக் கொடுத்தான். மண்பையில் வைத்துச் சுட்டுப் பார்க்க நேரமில்லை. அவர்கள் வந்து சேரக் கோயில் மணி அடித்துவிட்டது.

பூசை முடிந்து சனம் கொட்டிலைச் சுற்றிக் கூடியது. அருமைநாயகி கறுப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒருத்தரும் வளைக்கேல்லை. என்ரை மனுசன் துடைச்சுத் துடைச்சுத் தேய்ச்சுப்போட்டார். இப்ப திருத்தியாச்சு. கிறிஸ்ரோபர் தம்பி, நீரே சுடும்."

"செபநாயகம் அண்ணை, எங்கடை வீட்டுக் கருகின சட்டியளையும் கொண்டரட்டோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். செபநாயகம் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

கிறிஸ்ரோபர் ஒரு கண்ணை மூடினார். அருமைநாயகியின் வாய் செபமாலை சொல்வதுபோல் அசைந்தது. பட். மஞ்சள் பலூன் போனது. பட், பட். பக்கத்தில் இருந்த இரண்டும் போயின.

கிறிஸ்ரோபர் வாளியைக் கையில் வாங்கிக்கொண்டு, சபைச் செயலாளர் என்பதையும் மறந்து, சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். "அக்கா, குறை நினையாதேங்கோ. நான் சபைக்குச் சொல்லுறன், வாற வருசமும் உங்களுக்கு இந்த இடந்தான்."

"வாற வருசம் கிடக்கட்டும். மற்றவைக்கு வழிவிடும் தம்பி."

அதற்குப்பிறகு நடந்ததுதான் கூத்து. இரண்டு துவக்கும் நேராகச் சுட்டால் கொட்டில்காரி என்ன ஆவாள்? இருட்டுவதற்குள் வாளி முடிந்தது, பதிலுக்குக் கொடுத்த பேசின் முடிந்தது, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்ரிக் கூடையும் முடிந்தது. கடைசியில் ஒலிபெருக்கியில் கிறிஸ்ரோபரின் குரல் கேட்டது: "அன்பான மக்களே, அருமைநாயகி அக்காவின் கொட்டிலில் பரிசுகள் முடிந்துவிட்டன. இனிச் சுடுபவர்கள் சும்மாதான் சுடவேண்டும்."

வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் அசையவில்லை. செபநாயகம் கன்னம் வலிக்கப் புதுப் பலூன்களை ஊதிக்கொண்டிருந்தார்.