குமரவேல் காதில் ஓடுகிற தண்ணீர்

1.

இந்தக் கதை பிறந்த இடம் என் வீட்டுச் சமையற்கட்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, எல்லாம் சொந்தக் கற்பனை என்று நான் பீற்றிக்கொண்டதாகப் பேச்சு வரக்கூடாது.

சுங்கை சோவில் எங்கள் வீட்டுத் தரைக்கு அடியில், சிமெண்டுக்குக் கீழே எங்கேயோ பைப்பு ஒழுகியது. கண்டுபிடிக்க ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்தார், காதில் ஹெட்போனை மாட்டினார், முட்டி போட்டு வீடு முழுக்கத் தவழ்ந்தார், ஓர் இடத்தில் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார். அங்கே உடைத்தார்கள். உள்ளே காய்ந்த மணல். ஈரம் என்ற பேச்சே இல்லை.

மறுவாரம் வேறோர் ஆள் வந்து பைப்பைச் சரிசெய்துவிட்டார். எனக்குத்தான் மனசு சரியாகவில்லை. இத்தனை வருடம் இதே தொழிலில் இருப்பவர், தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீரை எப்படிக் கேட்டார்? நான்கு மாதமாக இது மண்டையைக் குடைகிறது. தாங்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: "தண்ணீர் எல்லாவற்றையும் அறியும்." அடித்துவிட்டேன். தண்ணீருக்கு ஒரு மண்ணும் தெரியாது, பள்ளம் எந்தப் பக்கம் என்பதைத் தவிர.

இரண்டாம் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் ஈஜோக்கில் குமரவேல் தன்னுடைய

இதுவும் ஆகாது. கூரையில் மழை கொட்டினால் தரைக்கடியில் ஒழுகுகிற சத்தத்தை எவன் கேட்பது? சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

மூன்றாவது: "வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஈஜோக்கில் லீலாவதி வீட்டு வாசலில் குமரவேல் வேனை நிறுத்தினார்." இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்படியே போவோம்.

3.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஈஜோக்கில் லீலாவதி வீட்டு வாசலில் குமரவேல் வேனை நிறுத்தினார். அங்கிருந்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது வேலைக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் அது ஒன்று. லீலாவதி வாசலிலேயே, தண்ணீர் மீட்டர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எல்லா பைப்பையும் அடைச்சாச்சாக்கா?"

"அடைச்சாச்சு லா. பாத்ரூமு, பின்னால தொவைக்கிற எடம், எல்லாம். அப்பவும் மீட்டருல இந்தச் சின்னச் சக்கரம் நிக்க மாட்டேங்குது. நீங்களே பாருங்க."

பார்த்தார். சுற்றியது. ஆக, ஒழுகல் உண்மை. (கதையில் இது ஒன்றுதான் நிச்சயம். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.)

"தம்பி, முன்கூட்டியே சொல்லிர்றேன். ஞாயித்துக்கெழம இந்த ஹால்லதான் எம்மகளுக்குப் பரிசம். ஒரே எடத்த ஒடச்சி, பைப்ப மாத்தி, நாளைக்கே பூசிடலாம்னு உங்க மொதலாளி சொன்னாரு. ரெண்டாவது எடத்த ஒடைக்கணும்னா நான் வர்றவங்கள எங்க ஒக்கார வைப்பேன்?"

"ஒரு எடந்தான்கா. கவலப்படாதீங்க."

வாய் சொல்லிவிட்டது. ஏற்கெனவே இரண்டு வீட்டில் குறி தப்பிவிட்டது. புஞ்சாக் ஆலாமில் ஒரு சமையலறை, கோலா குபு பாருவில் ஒரு படுக்கையறை. நேற்றுச் சாயங்காலம்தான் முதலாளி தனபாலன் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணே, இன்னொண்ணு தப்புனா நான் வேற ஆளத்தான் பாக்கணும். கோவிச்சுக்காதீங்க." திட்டியிருந்தால்கூடத் தேவலை. மரியாதையாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. ஐம்பத்தொரு வயதில் குமரவேலை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

4.

வீட்டில் சத்தம் கூடாது என்றார். லீலாவதி காற்றாடியை நிறுத்தினார். ஐஸ்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். கைப்பேசியை அணைத்தார். பிறகு சாமி மேடையைப் பார்த்துத் தயங்கினார்.

"வெளக்க அணைக்கணுமா?"

"வெளக்கு சத்தம் போடாதுக்கா."

"இல்ல, கேட்டேன்."

ஹெட்போனை மாட்டி, அதோடு இணைத்த மைக்கைத் தரையில் வைத்துக் குமரவேல் முட்டி போட்டார். அடுப்படி வாசலில், ஸ்ஸ்ஸ். நல்லது என்று குறி போட்டார். ஹால் நடுவில், ஸ்ஸ்ஸ். இங்கேயுமா? இன்னொரு குறி. சாமி மேடைக்குக் கீழே, ஸ்ஸ்ஸ். அறை வாசலில், அதே ஸ்ஸ்ஸ். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தரையில் நான்கு பெருக்கல் குறிகள் இருந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

எழுந்து வெளியே போய் மீட்டருக்குப் பக்கத்து வால்வை இறுக்கி மூடினார். இப்போது வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினார். ஸ்ஸ்ஸ். ஹெட்போனைக் கழற்றினார். ஸ்ஸ்ஸ்.

ராவாங்கில் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் முன்பு பதினோரு வருடம் வேலை செய்தவர்.* அங்கே வாங்கி வந்த காது இரைச்சல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, இந்த இரண்டு வருடத்தில் நிற்காமல் கேட்கிறது. தண்ணீர் ஒழுகுகிற அதே சத்தம். மனைவி சந்திரிகாவிடம்கூடச் சொல்லவில்லை. சந்திரிகா பேசும்போது இவர் தலையாட்டி வைப்பார். கேட்டுவிட்டது என்று அந்த அம்மாளும் நம்பிக்கொள்வார்.

* இந்தத் தொழிற்சாலையும் இந்தக் காதும் நான் கொடுத்தவை. என் வீட்டுக்கு வந்தவருக்குக் காது நன்றாகவே இருந்திருக்கலாம். ஊகம்தான்.

5.

இங்கே வந்து ஆறு வாரம் நின்றுவிட்டேன்.

எழுதியதை வாசித்த தோழி ஒருத்தி கேட்டாள்: "எதுக்குத் தரைய ஒடைக்கணும்? பழைய பைப்ப அப்படியே வுட்டுட்டு, சொவத்தோரமா புதுசா ஒண்ணு இழுத்துட்டா முடிஞ்சது லா." சரியான பேச்சு. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். செய்தால் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை, என் கதையும் அங்கேயே படுத்துவிடும். ஆகவே, பரிசத்துக்காகப் புதுச் சாயம் அடித்த சுவரில் பைப்பு ஓட லீலாவதி சம்மதிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பூனையும் வைத்திருந்தேன். ஹாலில் எப்போதும் படுக்கிற இடத்தில் ஒரு மாதமாகப் படுக்காத பூனை. [வெட்டிவிட்டேன். துப்புக் கொடுப்பது பூனையின் வேலை இல்லை.]

மிச்சமிருப்பது ஒரே வழி. தண்ணீரை எங்கே வைப்பது என்பது என் கையில்தானே இருக்கிறது? குமரவேல் குருட்டாம்போக்கில் ஒரு குறியைக் காட்டட்டும், அதற்குக் கீழேயே ஓட்டைப் பைப்பை வைத்துவிடலாம். அவர் வேலை பிழைக்கும். பரிசமும் நடக்கும். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். எழுதி முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. திங்கட்கிழமை அவர் இன்னொரு வீட்டுக்குப் போவாரே, அங்கே யார் வைப்பார்கள்? பக்கங்களைக் கிழித்தேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேருமாகப் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருக்கிறோம்.

6.

குமரவேல் காலால் மூன்று குறிகளைத் தேய்த்து அழித்தார். சாமி மேடைக்குக் கீழே இருந்ததை அழித்ததில் அவருக்கே ஒரு நிம்மதி. மிச்சம், ஹால் நடுவில் இருந்தது. தரையை உடைக்கிற பிரேக்கரை எடுக்க வேனுக்குப் போக வேண்டியதுதான். போகவில்லை. நாலில் ஒன்று, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

"கண்டுபிடிச்சிட்டீங்களா தம்பி?"

மறுபடி முட்டி போட்டு உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். எங்காதுல ஒரு சத்தம் இருக்கு. ராத்திரி பகல் எப்பவும். இந்தத் தண்ணிச் சத்தம் மாதிரியே. இப்ப வெளிய போயி தண்ணிய அடைச்சிட்டு வந்தேன், அப்பவும் கேக்குது. ஒழுகுறது நெசந்தான். ஆனா இங்க எனக்குக் கேக்குறது தண்ணியா, எங்காதான்னு தெரியல."

லீலாவதி குறியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"உங்க மொதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. யாருக்கும் தெரியாது."

இதற்குள் மறுபடி வெளியே போய் வால்வைத் திறந்துவிட்டு வந்திருந்தார். ஹெட்போனை எடுத்து லீலாவதியிடம் நீட்டினார்.

"நீங்க ஒரு தடவ மாட்டிக் கேளுங்க. நான் மைக்க நகத்திக்கிட்டே வர்றேன். எந்த எடத்துல சத்தம் கூடுதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

7.

லீலாவதி என்ன சொன்னார்?

"'கொண்டாங்க' என்று வாங்கி, கொண்டையைத் தளர்த்தி மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு

இல்லை. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னும் மூன்று நாளில் மகளுக்குப் பரிசம் வைத்திருக்கிற தாய் அவர்.

"'உங்க மொதலாளி நம்பர் எங்கிட்ட இருக்கு' என்று கைப்பேசியைத் தேடினார்." இது நடக்கலாம். எழுதக் கை கூசியது.

மூன்றாவது பதில் தானாக வந்தது. யோசிக்கவே இல்லை, ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை: "நானே காது வச்சுக் கேக்குறதுக்கா உங்கள வரச் சொன்னேன்? உங்க வேலய நீங்க பாருங்க."

வாசித்துப் பார்த்தேன். உடம்பு கூசிப்போனது. இது லீலாவதியின் குரல் இல்லை. இது நான் சொன்னது. என் சமையற்கட்டில், மடிக்கணினியில் ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டே, அந்த மனிதர் ஹெட்போனை நீட்டி, "ஒரு தடவ கேட்டுப் பாக்குறீங்களாக்கா?" என்றபோது சொன்னது. காரணம் அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவர் அதைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மைக்கை எடுக்கக்கூட இல்லை. முட்டி போட்டிருந்த இடத்திலேயே, தன் கால் பக்கத்தில், குறியைப் போட்டார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். மணல் காய்ந்திருந்தது என்று தெரிந்ததும் அக்கம்பக்கம் கேட்க வைதேன். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. குமரவேல் என்பது நான் வைத்த பெயர்.

ஆகவே இந்தப் பதிலை நான் எழுதக்கூடாது. பதில் சொல்ல எனக்கு ஒரு தடவை வாய்ப்புக் கொடுத்தாயிற்று.

நீங்கள் எழுதுங்கள். ஹால் உங்களுடையது, ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளுக்குப் பரிசம், உடைப்பதற்கு ஒரே ஓர் இடம்தான். நீட்டிய கையோடு அவர் இன்னும் முட்டி போட்டுத்தான் இருக்கிறார். ஐம்பத்தொரு வயது முட்டி, டைல்ஸ் தரை. ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள், வலிக்கும்.