குடி விசாரித்து எடுத்த பட்டம்

கல்வி அலுவலகத்து நஸீர் கணினித் திரையைத் தக்ஷாயினியின் பக்கம் திருப்பி வைத்தார். அன்றைக்கு அவர் இப்படித் திருப்பியது நான்காம் முறை. முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"டீச்சர், கோவிக்காதீங்க. நீங்களே பாருங்க," என்றார்.

தக்ஷாயினி மண்டூரில் முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சிக்னல் கிடைக்கும் கிணற்றடியில் கைபேசியோடு குந்தியிருந்து, மூன்று வருடத்தில் இணையவழிப் பட்டம் முடித்தவள். பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க முப்பத்தைந்து வயது தாண்டக் கூடாது. தாண்ட அவளுக்கு இன்னும் நாற்பது நாள்தான். அந்தப் பட்டம் செல்லாவிட்டால் அரசாங்க உத்தியோகம் இனி இந்தப் பிறவியில் இல்லை.

பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், ஏதோ ஓர் உலக அங்கீகார சபை அதை ஏற்றுக்கொண்டதாகத் தங்க முத்திரையோடு போட்டிருந்தது. நஸீர் அந்தச் சபையின் தளத்தைத் திறந்தார். அங்கேயும் அதே தொலைபேசி இலக்கம், அதே முகவரி. பிறகு, பல்கலைக்கழகம் இருப்பதாகச் சொன்ன நாட்டு அரசாங்கத்தின் பட்டியலில் பெயரை அடித்தார். ஒன்றும் வரவில்லை. அவர் பிழையாக அடித்துவிட்டார் என்று தக்ஷாயினி தானே அடித்துப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை. நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பட்டியலிலும் இல்லை.

"தனக்குத் தானே நற்சாட்சிப் பத்திரம் எழுதி வச்சிருக்கானுகள் டீச்சர். சேர முன்னம் பார்த்திருந்தா அஞ்சு நிமிசம்."

ஐந்து நிமிடம். அவள் விசாரிக்காமலா சேர்ந்தாள்? நன்றாகத்தான் விசாரித்தாள். ஆள் சேர்க்க வந்த சிவதர்ஷனை வாசலில் நிறுத்தி, "தம்பி, நீங்க என்ன குடி?" என்று கேட்டாள். தாய்வழியில் வரும் குடி இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தது. ஒரே குடி என்றால் கூடப்பிறந்த மாதிரி. கல்யாணம் கட்டவும் கூடாது, கழுத்தறுக்கவும் கூடாது என்பது ஊர் நியாயம். அதோடு விசாரணை முடிந்தது. தேநீர் கொடுத்துப் படிவத்தை நிரப்பினாள். சம்பந்தம் பேசுகிற கேள்வியைக் கேட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கெட்டிக்காரி.

ஊர் திரும்ப, வாவியைக் கடக்கக் குருமண்வெளித் துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறினாள். மோட்டார் சைக்கிளும் மனிதரும் சேர்ந்து போகும் அந்தப் பெரிய மிதவையில் உட்கார இடம் தேடினாள். சிவதர்ஷனை ஏசுவதற்கான வார்த்தைகளை அக்கரை வரும்வரை அடுக்கினாள்.

மண்டூர்ச் சந்தியில் அவன் கைபேசிக் கடை வைத்திருந்தான். விசயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போனது.

"சத்தியமா எனக்குத் தெரியா அக்கா. ஆள் சேர்த்துத் தரச் சொன்னாங்க, சேர்த்தன்."

"நீ ஒருக்காப் பார்க்கல்லயா?"

"எனக்கென்ன விளங்கும்? நீங்க படிச்ச ஆள், பொய்யெண்டா கேட்டிருப்பீங்க. ஒண்டும் கேட்காமக் கையெழுத்து வச்சீங்க. டீச்சரே சேர்ந்திட்டா சரியாத்தான் இருக்கும் எண்டு பிறகு எங்கட விதுர்ஷாவையும் அதுலதான் சேர்த்தன்."

விதுர்ஷா அவனுடைய தங்கை. இருபது வயது.

"அவளுக்கு டீச்சருக்குப் படிக்கிற அரசாங்கக் கல்வியியற் கல்லூரியில இடம் கிடைச்சதாமே?"

"கிடைச்சதுதான். உங்களப் போலப் பட்டமே எடுக்கப் போறன் எண்டு அத விட்டுட்டாள்."

அடுக்கி வந்த ஏச்சையெல்லாம் தக்ஷாயினி தனக்கே சொல்லிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. தன் மூன்று வருடம் போனதைவிட இது நெஞ்சில் கனத்தது.

"நான் மெல்லமாச் சொல்றன் அக்கா."

"நீ சொல்லாத. என்னப் பார்த்துத்தானே சேர்ந்தவள். நான் சொல்றன்," என்று அடுத்த ஒழுங்கையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு நடந்தாள்.

விதுர்ஷா காதில் செருகியிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "அக்கா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க! முதல் சோதினை முடிவு வந்திட்டு. எல்லாத்துலயும் தொண்ணூறு!"

தக்ஷாயினிக்கும் மூன்று வருடமும், எல்லாப் பாடத்திலும், தொண்ணூறுதான்.

"ஃபோனக் கீழ வச்சிட்டு இப்பிடி வந்து இரு," என்றாள்.