யானை நின்ற நேரம்

ஆரியசாலைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்த பகவதிப்பெருமாளுக்கு, மனைவி ஆவுடையம்மை அம்மை நோயில் போனபிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் இலங்கையிலிருந்து ஒரு புத்த பிக்கு வந்து பேசினார். துக்கத்துக்கு வேர் ஆசை, அதை அறுத்தால் நிர்வாணம் என்னும் விடுதலை என்றார். வாத்தியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

1931 கோடை விடுமுறையில் தனியே தியானத்தில் இருக்க வித்துராவுக்குப் போய், வண்டிக்கார வேலப்பனைக் கூட்டிக்கொண்டு பொன்முடி அடிவாரத்தில் ஒரு குகைக்கு வந்து சேர்ந்தார்.

"ஆன எறங்குற எடமாக்கும் சாரே," என்றான் வேலப்பன். "நாலாம் நாள் கஞ்சியோட வாறேன். அதுவரை வெளிய எறங்கண்டாம், கேட்டோ."

கொண்டுவந்த அவல் மூட்டையை அவிழ்க்காமல் இரண்டு நாள் பசியை விரட்டினார். ஆவுடையம்மையின் முகம் வந்தபோது அதையும் விரட்டினார். மூன்றாம் நாள் மத்தியானம் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. குகை வாசலில் வெளிச்சம் அடைபட்டது.

தும்பிக்கை உள்ளே நீண்டு தரையைத் துழாவியது. அதன் மூச்சு முழங்காலில் சுட்டது. வாத்தியார் பாறையோடு ஒட்டிக்கொண்டார். வேட்டி நனைந்துவிட்டது.

'இப்போ வேண்டாம். நிர்வாணம் கிடைக்கதுக்கு முன்னால சாகப்பிடாது!'

தும்பிக்கை அவல் மூட்டையை இழுத்துக்கொண்டு போயிற்று. மரங்கள் அசைவது நின்றது. சாகும் நேரத்தில் என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மற்ற ஆசைகளையெல்லாம் தின்று ஓர் ஆசை உள்ளே கொழுத்துக் கிடந்தது.

"சரி, நிர்வாணமும் வேண்டாம்," என்று உரக்கச் சொன்னார்.

உடனே மனதின் ஒரு மூலை கேட்டது: 'விட்டாச்சே, இனிக் கிடைக்குமா?'

மறுபடி விட்டார். மறுபடியும் அது அங்கே காத்துக்கொண்டிருந்தது. யானைக்குப் பயந்தாவது பாறை இடுக்கில் ஒளியலாம். இதற்கு எங்கே ஒளிவது? விடியும்வரை கண்ணைத் திறந்தே உட்கார்ந்திருந்தார்.

காலையில் வந்த வேலப்பன் வாசலில் கால்தடத்தைப் பார்த்துப் பதறினான்.

"ஆன வந்துதா சாரே?"

"அது போயிட்டு வேலப்பா. இது போகமாட்டேங்கு."

"எது?"

வாத்தியார் தரையில் சரிந்து உட்கார்ந்தார். ஆவுடையம்மை பெயரைச் சொல்லி, அவள் செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதார். வேலப்பன் கஞ்சிக் கலயத்தை அவர் வாயருகே பிடித்தான். முழுவதும் குடித்தார்.

அவன் தோளைப் பிடித்துக்கொண்டே மலை இறங்கினார். பஸ்ஸில் தூக்கத்தில் கண் சொக்கியது. ஆனாலும் இமையை மூடினால் அந்த ஆசை உள்ளே காத்திருக்கும் என்று பயந்து, இறங்கவேண்டிய தம்பானூர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.